அம்மா மண்டபச் சாலையில் இரண்டு கண்கள்

“கண்ணை மட்டும் மூடிக் குடுத்துட்டுப் போயிருங்க சார். வேற ஒண்ணும் வேணாம்.”

ஸ்ரீரங்கத்து லாட்ஜ் முதலாளி ராஜமாணிக்கம் இதைக் கைப்பேசியில் சொன்னபோது, நான் பினாங்கில் ஓர் உணவகத்தின் பின்சுவரில் பூனை வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இப்போது பூனைக்குத்தான் கிராக்கி. சுற்றுலா வருகிறவர்கள் சுவர்ப்பூனையின் வாலைப் பிடிப்பதுபோல் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் உள்ளே போய்ச் சாப்பிடுகிறார்கள். கலைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வால் வரைந்து பிழைக்கிறவன் நான்.

யாருடைய கண் என்று கேட்கவில்லை. நாலு வருடத்துக்கு முன் ஒரு சுவரோவியத் திட்டத்துக்காகத் திருச்சிக்கு வந்தவன் நான். காவிரிப் படித்துறைக்குப் போகிற அம்மா மண்டபச் சாலையில், ராஜமாணிக்கம் லாட்ஜின் ஜன்னலே இல்லாத பக்கச் சுவரில், நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகத்தை வரைந்துவிட்டுப் போனேன். கண் ஒவ்வொன்றும் ஓர் ஆட்டோவின் நீளம்.

“மூடாவிட்டால்?” என்றேன்.

“வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வர்றதுக்குள்ள மொத்தமா வெள்ளையடிச்சிருவேன். எதிர்வீட்டு மாமி தொந்தரவு தாங்கல சார். நீங்க வரைஞ்சதுங்கிறதால ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், அவ்வளவுதான்.”

பூனையை வாலில்லாமல் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திருச்சி விமான நிலையத்தின் புதுக் கட்டடம் கோபுரத்து வண்ணங்களையெல்லாம் வாங்கித் தன்மேல் பூசிக்கொண்டு நிற்கிறது. ஊர் ஊராகப் போய்ச் சுவர் பார்ப்பது எனக்குத் தொழில், பாதி நோய். லிஸ்பனில் பீங்கான் ஓட்டுச் சுவர், மெல்போர்னில் சந்துச் சுவர், வால்பரைசோவில் மலைப்படிக்கட்டுச் சுவர் என்று வாய் பிளந்து நின்றிருக்கிறேன். இங்கேயும் பிளந்தேன். பின்னால் வந்த பெட்டி வண்டி குதிகாலில் இடித்தது. “ஓரமா நின்னு பாருங்க தம்பி” என்றார் வண்டியைத் தள்ளி வந்த அம்மாள். என் தலை பாதி நரைத்துவிட்டது. தம்பி என்று அழைத்ததற்காக மன்னித்தேன்.

வெளியே கார்த்திகை மழை. தூரிகை கழுவிய தண்ணீரின் நிறத்தில் வானம். ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னேன். “அட, கண்ணு லாட்ஜுன்னு சொல்லுங்க” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உலகத்தில் எத்தனை ஓவியர்களின் படத்தை வைத்து ஆட்டோக்காரர்கள் ஓர் இடத்துக்குப் பெயர் சூட்டியிருப்பார்கள்?

வழி நெடுக வீடுகள். கத்திரிப்பூ நிறம், கிளிப்பச்சை, நடுவில் ஓர் ஆரஞ்சுப் பட்டை, முகப்பில் எஃகில் வெட்டிய பூ, வாசலுக்கு மேலே நீலக் கண்ணாடி. வீட்டின் இந்த முகத்தை இங்கே ‘எலிவேஷன்’ என்கிறார்கள். போன முறை இதைப் பார்த்து நான் சிரித்தபோது சங்கீதா சண்டைக்கு வந்தாள். கட்டடக்கலை படித்து முடித்த கையோடு எங்கள் திட்டத்தின் உள்ளூர் ஏற்பாடுகளைக் கவனிக்க வந்தவள்.

“வெளிநாட்டுக்காரன் வெள்ளைப் பெட்டி கட்டினா டிசைன். எங்க ஊரு ஆளு ஆசைப்பட்டுக் கத்திரிப்பூ கலர் அடிச்சா ரசனை இல்லையா? நீங்க பேசுற தமிழே பழைய ரேடியோ மாதிரி இருக்கு. நாங்க சிரிச்சமா?”

“சிரித்தீர்கள்” என்றேன்.

“ஆமா. சிரிச்சோம்” என்றாள்.

கடைசியில் நான் வரைந்தது அவள் முகத்தைத்தான். திட்டமிட்டது வேறு. சுவரில் வரைகிறவர்களுக்கு உலகம் பூராவும் ஒரே வியாதி: சுருக்கம் விழுந்த முதியவர், கையில் குருவி ஏந்திய குழந்தை, இரண்டில் ஒன்று. நானும் காந்தி மார்க்கெட்டுக்குச் சுருக்கம் தேடிப் போனேன். வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “ஏன், உங்க ஊருல கெழவனே கெடையாதா?” என்றார். சங்கீதா வெங்காய மூட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

ஊருக்குத் திரும்பியபின் சில மாதங்கள் கத்திரிப்பூ வீடுகளாகப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பிறகு நின்றது. பயணத்தில் கிடைக்கிற நட்புகள் இப்படித்தான் ஓய்கின்றன. இந்தமுறை நேரில் போய்ச் சண்டையைத் தொடரலாம் என்றிருந்தேன்.

காவிரிப் பாலத்துக்கு முன்னால் கண்ணீர் அஞ்சலி பேனர்கள் வரிசையாக நின்றன. இறந்தவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், மேலே மேகம், மேகத்துக்குள் ஒரு புறா, கீழே குத்துவிளக்கு. விளக்குக்கும் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்கள் வரிசையாகத் துக்கத்தில் இருந்தார்கள். போனவரைவிட வருந்துகிறவர்கள் அழகாகத் தெரியவேண்டும் என்பது இந்த வடிவமைப்பின் முதல் விதி. ஆட்டோக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

லாட்ஜ் வந்தது. முகம் அப்படியே இருந்தது. இடது கன்னத்தில் மழைநீர் ஒரு கோடு இழுத்திருந்தது, அவ்வளவுதான். மொட்டைமாடியிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரு பெரிய சாமந்தி மாலை தொங்கியது.

படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று பினாங்கிலும் தெரியும். ஆனால் ஓவியனின் தலைக்கனம் எல்லா அர்த்தத்துக்கும் முந்திக்கொண்டு வந்து நிற்கும். கலைக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாலையும் நானும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுக்கச் சொல்லி ஆட்டோக்காரரிடம் கைப்பேசியை நீட்டினேன். எடுத்தார். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்:

“அந்தப் பொண்ணு தவறிப்போச்சுங்க. உங்களுக்குத் தெரியாதா?”

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

“காய்ச்சல் சார். நீங்க வரைஞ்சுட்டுப் போன அடுத்த வருஷமே” என்றார் ராஜமாணிக்கம், அறைச் சாவியைத் தேடிக்கொண்டே. “நான் சொல்லலையா? சொன்னேன்னுல்ல நெனச்சேன். அவங்கப்பா அமாவாசைக்கு அமாவாசை வந்து மாலை கட்டிட்டுப் போறாரு. நான் தடுக்கிறதில்ல. எப்படி சார் தடுக்கிறது?”

துக்கத்தில் சாப்பாடு இறங்காது என்பார்கள். எனக்கு இறங்கியது. எதிர்க்கடையில் இட்லி வாங்கி, சாம்பாரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. இன்னும் இரண்டு கேட்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் போனேன். தெருவைப் பார்த்த நாலு ஜன்னல்களும் மூடிக் கிடந்தன. உள்ளே பத்து மணிக்கு டியூப் லைட் எரிந்தது. மாமி என்னை உட்காரச் சொல்லி, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் சண்டையை ஆரம்பித்தார். நல்ல குடும்பத்துப் பண்பாடு.

“பாத்தேளா எங்க ஆத்தை? நாலு வருஷமா பகல்லயே லைட்டைப் போட்டுண்டு கிடக்கோம். எங்க வைதேகியைப் பொண்ணு பாக்க வரா. ஹால்ல உக்காரா. பாவம் புழுங்கறதேன்னு ஜன்னலைத் திறந்தா எதிர்ல ரெண்டு கண்ணு. பொண்ணு பாக்க வந்தவாளை அவ பாத்துண்டிருக்கா! காப்பியக்கூட முழுசாக் குடிக்காம எழுந்து போயிடறா. போன மாசம் வந்தவாளும் அப்படித்தான் போனா.”

“காப்பி நன்னாயிருந்தாக் குடிச்சிருப்பா” என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

“நீங்க சும்மா இருங்கோ. இடுப்பு ஒடைஞ்சவா பேசப்படாது.” மாமி என் பக்கம் திரும்பினார். “எனக்கு அந்தக் குழந்தை மேல கோபமே இல்லை. எத்தனை நாள் இங்க வந்து மோர் வாங்கிக் குடிச்சிருக்கா. போயிட்டான்னு கேட்டு அன்னிக்கு நான் தளிகையே பண்ணலை, அடுப்பைப் பத்தவே வைக்கலை. கோபம் உங்க மேலதான்.”

“நான் என்ன செய்தேன் மாமி?”

“என்ன பண்ணினேளா? எல்லாத்துக்கும் முன்னாடி கண்ணைத் திறந்தேள்!”

உண்மை. எந்தச் சுவரானாலும் நான் முதலில் வரைவது கண்களைத்தான். கண் சரியாக வந்துவிட்டால் மூக்கை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள் என்பது என் கொள்கை. இந்தச் சுவரில் கண்கள் முடிந்த அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் சாரத்தில் ஏற முடியவில்லை. முகமே இல்லாமல் வெறும் சுவரில் இரண்டு கண்கள் மட்டும் ஒரு வாரம் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வாரம்தான் மாமா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாராம்.

மாமி விளக்கினார். விக்ரகமோ படமோ, கண் திறப்பது கடைசியில். திறந்ததும் விழுகிற முதல் பார்வைக்கு உக்கிரம் அதிகம். அப்போது எதிரில் மனுஷாள் நிற்கக்கூடாது. கண்ணாடியைக் காட்டுவார்கள், பசுவையும் கன்றையும் காட்டுவார்கள், குவித்த நெல்லைக் காட்டுவார்கள்.

“நீங்க எங்க ஆத்தைக் காட்டினேள்” என்றார்.

“இது சாமி இல்லையே மாமி. நம் சங்கீதாதானே?”

“நாலு மாடி உசரத்துக்கு எழுதினா யாராயிருந்தாலும் சாமிதான்.”

உலகத்தில் பல விமர்சகர்கள் என் சுவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆசைதான். மொத்தம் ஒருவர் எழுதினார், அவரும் சாக்கடைச் சீரமைப்பைப் பற்றிய கட்டுரையில் போகிறபோக்கில். மாமி அளவுக்கு என் ஓவியத்தைப் பொருட்படுத்தியவர் வேறு யாரும் இல்லை.

சங்கீதாவின் அப்பாவை அதற்கு அடுத்த நாள் காலை டீக்கடையில் பார்த்தேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை ‘கார்டு சார்’ என்றுதான் கூப்பிடுகிறது. போனமுறை மகளுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னிடம் “தலையில துண்டு போட்டுக்குங்க, வெயிலு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர். இப்போது காவிரியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மூட வந்திருக்கீங்களாமே?”

வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். இந்தமுறை இரண்டு டீ மட்டும் சொன்னேன்.

“ஆஸ்பத்திரியில என் கையாலதான் மூடினேன்” என்றார். “ஒருதடவை போதும் சார்.”

டீ வந்தது. அவர் ஆற்றிக்கொண்டே பேசினார்.

“முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில நின்னவன் நான். கார்டு வேலைன்னா என்ன? பின்னாடி பாக்குறது. ஸ்டேஷன் போகும், பாலம் போகும், கையாட்டுற புள்ளைங்க போகும், எல்லாம் சின்னதாகி மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும். நான் போறதைப் பின்னாடி நின்னு பாக்க ஆளு இருந்ததில்ல. இப்ப படித்துறையிலேர்ந்து வர்றேன், முக்குல திரும்புற வரைக்கும் அவ பாக்குறா. இந்தாண்ட போனாலும் பாக்குறா, அந்தாண்ட போனாலும் பாக்குறா. அவ அம்மாவால அதைத் தாங்க முடியல, பெரிய பொண்ணு வீட்டுக்குத் திருப்பூருக்குப் போயிட்டா. எனக்கு அது வேணும் சார்.”

கார்டு சார் வேண்டும் என்றதும் மாமி வேண்டாம் என்றதும் ஒரே விஷயம். கருவிழியைக் கண்ணின் நடுவில் வைத்தால் படம் எங்கே போனாலும் பின்தொடரும். இது ஓவியம் பழகுகிறவனுக்கு முதல் மாதத்தில் தெரிந்துவிடும். அதனால் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன்: கருவிழியைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்திவிடலாம். மாமி வீட்டில் பார்வை விழாது. கண்ணும் திறந்தே இருக்கும்.

அவர் முகம் தெளிந்தது. “அப்ப எங்க பாப்பா? இந்த பெஞ்சைப் பாக்குற மாதிரி வைங்களேன். நான் இங்கதான் உக்காருவேன்.”

அப்போதுதான் என் புத்திசாலித்தனத்தின் மறுபாதி நினைவுக்கு வந்தது. தட்டையான சுவரில் நேராகப் பார்க்கிற முகம் எல்லோரையும் பார்க்கும். விலகிப் பார்க்கிற முகம், எந்த இடத்தில் போய் நின்றாலும், யாரையும் பார்க்காது. பெஞ்சு என்ன, திருச்சி முழுக்கத் தேடினாலும் அந்தப் பார்வை வந்து விழுகிற இடம் ஒன்று கிடையாது. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

“யாரையுமே பாக்க மாட்டாளா? நான் எங்க போயி நின்னாலும்?”

“மாட்டாள்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அதுக்கு வெள்ளையே அடிச்சிருங்க.”

மழைக்கு ஒதுங்கியதுபோல் இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தோம். மழை அப்போது பெய்யவில்லை.

அன்று மத்தியானம் மறுபடியும் மாமி வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவது? ரசத்தை அவர்கள் சாத்தமுது என்கிறார்கள். சுடச்சுட ஒரு டம்ளர் கையில் வந்தது. அதைக் குடித்தபடி, கார்டு சார் சொன்னதை அப்படியே சொன்னேன். மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் மட்டும் மூடியே இருந்தது.

“மாமி, ஒரு சந்தேகம். உங்களுக்குத் தொந்தரவு அவள் பார்ப்பதா, அந்த முதல் பார்வையா?”

“பாக்கறது என்ன? இந்த ஊர்ல பெருமாள் பாக்கறார், தாயார் பாக்கறா, போறவா வரவாள்ளாம் பாக்கறா. மொதப் பார்வைதான்.”

“அப்படியென்றால் கண்களை அழித்துவிட்டு, மறுபடியும் முறைப்படி திறந்தால்?”

மாமி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

“திறக்கட்டும்டி” என்றது உள்ளறை. “நான் விழுந்தது பாத்ரூம்ல சோப்பை மிதிச்சுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு வெளிச்சம் வேணும்.”

“சோப்பை மிதிக்க வெச்சது எதுன்னேன்?” என்றார் மாமி. பிறகு என்னிடம், மெதுவாக: “முறையாப் பண்ணுவேளா? கண்ணாடி வேணும். பசுமாடு வேணும். முடிச்சதும் உடைக்கப் பூசணிக்காய் வேணும். அதுல கஞ்சத்தனம் கூடாது, பெரிசா வாங்குங்கோ.”

கார்டு சாரிடம் ஓடினேன். ஒரு நாள் மட்டும் கண்ணே இருக்காது, அதற்கடுத்த நாள் திரும்ப வந்துவிடும் என்றேன். “அந்த ஒரு நாள் நான் இந்தப் பக்கம் வரல” என்றார். ராஜமாணிக்கத்துக்கு முறையெல்லாம் அக்கறையில்லை. “எப்படியோ முடிச்சு விடுங்க சார். ஏகாதசிக்கு ரூம் போகணும்” என்று சாரம் கட்ட ஆள் அனுப்பினார்.

காந்தி மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கினேன். தோளில் வைத்துப் பார்த்தேன், தலையில் வைத்துப் பார்த்தேன், கடைசியில் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் குளிர்வசதி உண்டு, உட்கார்ந்ததும் தூங்கிவிடலாம். இங்கே தூங்க முடியாது, தூங்கினால் அடுத்தவர் மடியில் இருப்போம். காவிரிப் பாலத்தில் டிரைவர் அடித்த பிரேக்கில் பூசணிக்காய் என்னை விட்டுப் போனது. முதல் சீட்டு வரை உருண்டு, ஒருவருடைய மீன் கூடையில் மோதி, விரிசலோடு நின்றது.

“யாரு காய்யா இது?” என்றார் கண்டக்டர்.

“என்னுடையதுதான். திருஷ்டிக்காக வாங்கியது.”

“நல்லதாப் போச்சு. பஸ்ஸுக்கும் சேத்துக் கழிஞ்சிருச்சு. எந்திரிச்சு வந்து எடுத்துக்குங்க.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பாலத்துக்குக் கீழே காவிரி இரு கரை தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சங்கீதாவை அங்கேதான் கரைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கண்களை அழித்தேன். ‘அழித்தேன்’ என்று எழுதுவதற்கு ஒரு நொடி போதும். சவுக்குக் கம்புச் சாரத்தில் நின்று, நான் வரைந்தவற்றிலேயே உருப்படியாக வந்த இரண்டு பொருட்களை உருளைத் தூரிகையால் வெள்ளையடித்தேன். இமை மட்டும் இருந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. மூடிய கண்ணாவது தூங்குவதுபோல் இருந்திருக்கும். தெருவும் அன்றைக்கு ஒருமாதிரியாக இருந்தது. டீக்கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டே டீ போட்டார். ஆட்டோக்கள் வேகமாகப் போயின. நாலு வருடமாக அந்தக் கண்களைத் திட்டிக்கொண்டிருந்த மாமி இரண்டு முறை வாசலுக்கு வந்து, “எப்போ திரும்ப எழுதுவேள்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் தார்ப்பாய் கட்டி, அதன் மறைவில் விளக்கு வெளிச்சத்தில் வரைய ஆரம்பித்தேன். போனமுறை அவள் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இடது கண்ணு பெரிசாயிருச்சு, எனக்கு என்ன ‘மெட்ராஸ் ஐ’யா வந்திருக்கு?” என்று கத்திக்கொண்டே இருப்பாள். இந்தமுறை கைப்பேசியில் இருந்த ஒரு பழைய படம்தான் துணை. அதில் அவள் சிரிப்பதால் பாதிக் கண் தெரியவில்லை. மீதியை நினைவிலிருந்து எடுத்தேன். கருவிழியை நடுவில், நேராக வைத்தேன். ஒவ்வொரு கண்ணிலும் கடைசி வெள்ளைப் புள்ளியை மட்டும் வைக்காமல் விட்டேன். அந்தப் புள்ளி விழும்வரை கண் என்பது வெறும் பெயின்ட்.

விடிந்ததும் எல்லோரும் வந்தார்கள். ராஜமாணிக்கம் பசுவைக் கொண்டுவந்திருந்தார். பசு சுவருக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழித்துத் தின்றது. வாலைப் பிடித்துத் திருப்பினால் வட்டமாகச் சுற்றி மறுபடி போஸ்டருக்கே வந்தது. வைதேகி தன் அலங்காரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “நாலு மாடிக்கு இது பத்தாதேம்மா, ஒரு பொட்டுகூடத் தெரியாது” என்றாள். தூறல் விழுந்து கண்ணாடி மங்கியது. மாமி கையைப் பிசைந்தார்.

கார்டு சார் படித்துறைப் பக்கமிருந்து வந்தார். நிமிர்ந்து பார்க்காமல், தார்ப்பாய்க்கு நேர் எதிரே, மாமி வீட்டு வாசலுக்கு முன்னால் வந்து நின்றார்.

“கண்ணாடி வேணாம் மாமி. நான் நிக்கிறேன்.”

“ஐயோ, வேண்டாம். சொன்னாக் கேளுங்கோ. உக்கிரம். மனுஷா நிக்கப்படாது.”

“எம் மேல இனிமே விழ என்ன மாமி இருக்கு?”

மாமி வைதேகியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறார் என்பது கீழ் இடுக்கில் தெரிந்த புடவைக் கரையில் தெரிந்தது.

தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்கள். சாரத்தில் நின்று வலது கண்ணில் ஒரு புள்ளி, இடது கண்ணில் ஒரு புள்ளி வைத்தேன். இறங்கும்போது கடைசிக் கம்பில் வழுக்கி, பசுவின்மேல் விழாமல் தப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. ராஜமாணிக்கம்கூட மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்டு சார் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தப்பு கண்டுபிடித்துவிட்டேன். முகம் நாலு வருடத்துக்கு முந்தியது. கண்கள் வேறு. நினைவிலிருந்து எடுத்ததில் என்னுடைய சோர்வோ எதுவோ கலந்து, இமையோரம் கொஞ்சம் கனத்துவிட்டது. திருத்தித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“கொஞ்சம் வயசாயிருச்சு” என்றார்.

“என் கைத்தவறு சார். நாளைக்கே திருத்திவிடலாம்.”

“வேணாம், விடுங்க.” ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நாலு வருஷம் ஆச்சுல்ல. ஆயிருக்கும்.”

பூசணிக்காயை ராஜமாணிக்கம் உடைத்தார். அது ஏற்கெனவே பாதி உடைந்திருந்ததால் சத்தம் அவ்வளவாக வரவில்லை. பின்னால் ஒரு தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. நாலு வருடத் துரு. ஜன்னல் அரையளவு திறந்தது, தூசிக்கு மாமி இருமினார்.

கார்டு சார் நடந்தார். டீக்கடையைத் தாண்டி, இட்லிக் கடையைத் தாண்டி, ரோட்டின் இந்தாண்டை கொஞ்சம், அந்தாண்டை கொஞ்சம். முக்குத் திரும்பி மறையும்வரை அவர் ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.